நாற்பது பெட்டிகளில் ஆறு

2016ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை. அமெரிக்க நாட்டின் இலினாய் மாநிலத்தில், சோளக் கொல்லைகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர் ஒன்றில் அப்போது நான் பணியாற்றி வந்தேன். பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “ஃபாதர், உங்கள் கைகள் இரண்டும் எனக்குச் சில மணி நேரம் தேவைப்படுகின்றன” என்றார்.

எழுபதைக் கடந்தவர் அவர். நடுக்குவாதம் கண்டு மூன்றாண்டுகளாகியிருந்தன. காப்பிக் கோப்பையைக்கூட இரு கையாலும் பற்றித்தான் அருந்துவார். 1980இல் மூடப்பட்ட ராக் ஐலண்ட் ரயில்வேயில், சரக்கு வேகன்களைச் சோதித்துப் பழுது நீக்கும் தொழிலாளியாக இளமைக் காலம் முழுவதையும் கழித்தவர். மறுமாதம் வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்திற்குச் செல்ல ஏற்பாடாகியிருந்தது. அங்கே அவருக்குக் கிடைக்கவிருந்தது ஓர் அறையும் ஒரு கட்டிலும் மட்டுமே.

நிலவறைக்கு அழைத்துச் சென்றார். மேசை மீது அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எண்ணிப் பார்த்தேன், சரியாக நாற்பது. மாதிரி ரயில் வேகன்கள் செய்வதற்கான உதிரிப் பாகங்கள் அவற்றினுள் இருந்தன. அந்நாட்டார் இவற்றைக் ‘கிட்’ என்பர். ‘ஓய்வு பெற்றபின் பூட்டலாம்’ என்று ஆண்டுக்கு ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்த்து வைத்தாராம். ஓய்வும் வந்தது, கைகள்தாம் போய்விட்டன. இவற்றுள் ஆறு மட்டும் அவருடைய மகளின் பையனுக்கு, எஞ்சியவை விலைக்கு. பையனுக்கு வயது பதினொன்று. அவன் தன் சேமிப்பில் வாங்கிய மலிவான ரயில் ஒன்று வளைவுதோறும் தடம் புரண்டது. “எனக்கு இது வராது, தாத்தா” என்று சொல்லி, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டானாம். கோளாறு ரயிலில்தான், அவன் கையில் இல்லை என்பதைப் பையனுக்கு உணர்த்திவிட்டுத்தான் வீட்டை விட்டுப் போவேன் என்று பெரியவர் பிடிவாதமாக இருந்தார்.

வாசக அன்பர்களே, இப்பொழுதுபோக்கு நம்மவர்க்கு அவ்வளவாகப் பழக்கமில்லாதது. உண்மை ரயிலை 87இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்வது ‘எச்.ஓ.’ என்னும் அளவு. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நாற்பதடி நீளமுள்ள மூடிய வேகன் இவ்வளவில் ஐந்தரை அங்குலமாகிவிடும். பூட்டி முடித்த வேகனாக வாங்கினால் நாற்பது டாலருக்கு மேலும் போகும். பாகங்களாக வாங்கினால் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். கலிபோர்னியாவின் ஆதர்ன் நிறுவனம் நீல நிறப் பெட்டிகளில் விற்ற பாகங்களால் அந்நாட்டில் எத்தனையோ சிறுவர்கள் இக்கலைக்குள் நுழைந்தார்கள். அந்நீலப் பெட்டிகள் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. பெரியவரிடமிருந்த சிலவற்றில் நான்கு டாலருக்கும் குறைவான பழைய விலைச்சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது.

“ஆறு எடுங்கள், பார்ப்போம்” என்றார். வண்ணமும் எழுத்தும் அழகாக இருந்த ஆறினை எடுத்து வைத்தேன். அவர் அவற்றைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். கவிழ்த்ததும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை; கறுத்த பிளாஸ்டிக்தான் தெரிந்தது. அவரோ நாற்பதாண்டுகளுக்கு முன் வேகன் வரிசையினூடே விளக்கேந்தி நடந்த மனிதராக மாறிவிட்டார்.

முதலில் உடலையும் அடித்தளத்தையும் கண்ணாடிப் பலகையின் மேல் வைக்கச் செய்தார். ஒரு மூலை சற்றே தூக்கியிருந்தாலும் அப்பெட்டி ஒதுக்கப்பட்டது. ஏனெனக் கேட்டேன். சக்கரம் கெட்டால் மாற்றலாம், கொக்கி கெட்டால் மாற்றலாம், முறுக்கிக்கொண்ட உடலைச் செப்பனிடுவது சிறுவனால் ஆகாது என்றார். நான் தேர்ந்த ஆறில் இரண்டு அங்கேயே வீழ்ந்தன.

அடுத்து சக்கரங்கள். கண்ணாடியின் ஒரு முனைக்கு அடியில் இரண்டு அஞ்சலட்டைகளைச் செருகி, நான்கு சக்கரங்கள் கொண்ட சட்டத்தை அச்சரிவில் விடச் சொன்னார். நல்லது தானே உருண்டோடும். பொல்லாதது தயங்கி நிற்கும், அல்லது நொண்டியைப்போல் ஆடிக்கொண்டே செல்லும். பழைய மலிவுப் பெட்டிகள் பலவற்றில் சக்கரங்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றில் அழுக்கு எளிதில் அப்பிக்கொள்ளும்; அது மெல்ல மெல்லத் தடம் புரளக் காரணமாகும். சட்டம் நேராக இருந்தால் உலோகச் சக்கரங்களை வாங்கி மாட்டிவிடலாம் என்று அவற்றைக் கழிக்காமல் விட்டார். அமெரிக்க மாதிரி ரயில் ஆர்வலர் சங்கம் வெளியிட்டுள்ள தகட்டு அளவுகோல் ஒன்று அவரிடம் இருந்தது. சக்கரங்கள் இரண்டிற்கும் இடையே உள்ள தூரத்தை அதில் பொருத்திப் பார்த்தோம். அச்சங்கம் 1935இல் தோன்றியது. ஒரு நிறுவனத்தின் வேகன் மற்றொன்றின் தண்டவாளத்தில் ஓடுகிறதென்றால் அவர்கள் வகுத்த அளவுகள் அதற்கு முக்கியக் காரணம்.

பின்னர் கொக்கி. அது வேகனின் உடலில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். விளையாட்டு ரயில்களில் பெரும்பாலும் சக்கரச் சட்டத்திலேயே கொக்கியைப் பொருத்திவிடுகிறார்கள். முன்னோக்கி இழுக்கையில் தொல்லை இல்லை. பின்னோக்கித் தள்ளினாலோ தள்ளும் விசை சட்டத்தைத் திருகி வெளியே வீசிவிடும். பேரனின் ரயில் அவ்வகையைச் சேர்ந்தது. பையனோ அதைப் பின்னோக்கி ஓட்டுவதிலேயே ஆசை மிகுந்தவனாம்! பழைய பெட்டிகளில் கொம்பு போன்ற கொக்கிகள் இருந்தன. அவற்றுக்குப் பதிலாக உண்மைக் கொக்கியை ஒத்த கேடீ நிறுவனத்தின் உலோகக் கொக்கிகளைப் போட்டு, தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உயரத்தில் நடுப்பகுதி நிற்குமாறு சரிசெய்ய வேண்டும்.

இங்கே ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். சக்கரமும் கொக்கியும் புதிதாக வாங்கினால், பழைய பெட்டியின் விலையைவிட அவற்றின் விலை கூடிவிடுகிறது. ஆகவே பெட்டியின் மேல் ஒட்டியுள்ள விலையை மட்டும் கண்டு ‘மலிவு’ என்று மகிழ்வது ஏமாற்றந்தான். எனினும் எல்லாம் சேர்ந்தும் பூட்டி முடித்த வேகனின் விலையை எட்டவில்லை. அவ்வளவில் அவை இலாபமே என்பது என் துணிபு.

எடையைக் குறித்துப் பெரியவர் வெகுநேரம் பேசினார். வேகன் கனமில்லாதிருந்தால், நீண்ட வண்டியின் நடுவில் வளைவில் இழுபட்டுக் கவிழும். சங்கத்தார் எச்.ஓ. அளவுக்குச் சொல்லும் எடை, முதலில் ஓர் அவுன்சு, அதன்மேல் நீளத்தில் அங்குலத்திற்கு அரை அவுன்சு. ஐந்தரை அங்குல வேகனுக்கு மூன்றே முக்கால் அவுன்சு. அதாவது ஏறக்குறைய 106 கிராம். சமையலறைத் தராசைக் கொண்டுவந்து நிறுத்தோம். பெட்டிக்குள் இருந்த இரும்புத் தகட்டையும் சேர்த்தும் பல குறைந்தன. மூடிய வேகனில் குறைவை நிரப்புவது எளிது. உள்ளே இரண்டு மூன்று திருகுமரைகளை ஒட்டிவிட்டால் எவர் கண்ணுக்கும் தெரியாது. சரக்கேற்றாத தட்டை வேகனில் எடையை எங்கே ஒளிப்பது? பாகங்கள் குறைவென்பதால் தட்டை வேகனே எளிதென்று நான் எண்ணியிருந்தேன். ஆறில் ஒன்றுகூடத் தட்டை வேகனாக இருக்கலாகாதென்று அவர் தள்ளிவிட்டார்.

சோதனைக்காக ஒன்றைப் பூட்டச் சொன்னார். பசை பக்கவாட்டில் வழிந்து என் கட்டைவிரல் ரேகை அதில் பதிந்துவிட்டது. அது போகட்டும். சக்கரச் சட்டங்கள் இரண்டையும் திருகாணியால் அசையாமல் இறுக்கிவிட்டேன்; உறுதியாக இருக்கட்டும் என்ற எண்ணம். முதல் வளைவிலேயே வேகன் சாய்ந்தது. பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒரு சட்டம் பக்கவாட்டில் திரும்ப மட்டும் இடங்கொடுக்க வேண்டும். மற்றது திரும்புவதோடு சற்று ஆடவும் வேண்டும். அப்போதுதான் மேடுபள்ளத்தில் எட்டுச் சக்கரங்களும் பாதையில் படியுமாம். அரைத்திருப்பு தளர்த்தினேன். அவ்வளவே, ஒழுங்காக ஓடிற்று.

கடைசியாகத்தான் மேற்புறத்தைப் பார்த்தார். கைப்பிடிகள் தனிக் கம்பியாக இல்லாமல் உடலோடு வார்க்கப்பட்டிருந்ததை அவர் குறையாகக் கொள்ளவில்லை. சிறுவன் கையில் கம்பிகள் முறிந்துபோகும் என்றார். ஆனால் ஒரு பெட்டியில் அவர் பார்வை நின்றது. வெளிர்நீல மூடிய வேகன்; ராக் ஐலண்ட் 1975இல் மேற்கொண்ட நிறம். பக்கவாட்டில் வேகன் கட்டப்பட்ட ஆண்டாக 1977 அச்சிடப்பட்டிருந்தது. கூரையின் மேல் ஆட்கள் நடப்பதற்கான பலகையும் வைக்கப்பட்டிருந்தது. 1966ஆம் ஆண்டிற்குப்பின் கட்டப்பட்ட மூடிய வேகன்களில் அந்த நடைபலகை கிடையாது. விபத்துகளைத் தவிர்க்க அதை நிறுத்திவிட்டார்கள். “பொய் சொல்கிறது” என்று அதை அப்பால் நகர்த்தினார். உடலும் சக்கரமும் குறையின்றி இருந்தன. ஆயினும் நான் வாதாடவில்லை. தான் முப்பத்தெட்டு வயதில் வேலையிழந்த ரயில்வேயின் வண்ணம் அது.

மாலையில் பையன் வந்தான். தேர்ந்த ஆறும் வரிசையாக இருந்தன. அவன் அவற்றைப் பார்த்துவிட்டு, மேசையின் மறுகோடியில் கிடந்த நீல வேகனை எடுத்தான். “இது உங்கள் ரயில்வே அல்லவா, தாத்தா?” என்றான். நான் பெரியவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் பேரனிடமிருந்து அதை வாங்காமல், தலையை மட்டும் சாய்த்துக் கூரையை நோக்கினார். பாகங்களாக இருந்ததால் நடைபலகை இன்னும் ஒட்டப்படாமல் தனியே கிடந்தது.

ஆறில் ஒன்றை எடுத்து விற்பனைக் குவியலில் வைத்தார். நடைபலகையைக் குப்பைக் கூடையில் போடும்படி பையனிடம் சொன்னார். காரணத்தையும், 1966ஐயும் விளக்கினார். கூரையில் அதற்கென விட்டிருந்த சிறு துளைகளை அடைக்க மக்கு ஒன்று இழுப்பறையில் இருந்தது. ஏணிகளும் உயரம் மிகுதிதான். அவை உடலோடு வார்க்கப்பட்டவை. “ஏணி இருக்கட்டும்” என்றார்.

பையன் தீக்குச்சி முனையால் மக்கைத் தொட்டுத் துளைகளை ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்கினான். விளக்கை அருகே பிடிக்குமாறு பெரியவர் என்னிடம் கூறினார்.