கிளியருக்கென்று ஒரு கன்

“அண்ணே, கிளியர் அடிக்க எந்த கன் நல்லா இருக்கும்?”

டிங்கரிங், பெயிண்டிங் ஷெட்களில் வேலை பழகும் பையன்கள் வந்து கேட்பார்கள். கிளியர் என்பது வண்டியின் நிறத்துக்கு மேல் கடைசியாக அடிக்கும் நிறமில்லாத பூச்சு, கன் என்பது அதை அடிக்கும் ஸ்பிரே கன். கையில் போன் இருக்கும், அதில் நாலைந்து கன்களின் படம் இருக்கும். படத்தை நான் வாங்கிப் பார்ப்பதில்லை. “உன் ஷெட்ல கம்ப்ரசர் எத்தனை எச்.பி.?” என்று கேட்பேன். பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு வா என்று அனுப்பிவிடுவேன். இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் ஒரு கன்னை வாங்கி, ஒரு வண்டியின் டாப் முழுவதையும் கெடுத்தவன் நான்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியது. மரம் விழுந்து வண்டி நசுங்காத தெரு இல்லை. பொங்கல் கழிந்தும் நெல்லித்தோப்பு, முதலியார்பேட்டை, ரெட்டியார்பாளையம் என்று எங்கே போனாலும் ஷெட் வாசலில் டாப் அமுங்கிய வண்டிகள் வரிசையாக நின்றன. அந்த வேலை நெருக்கடியில்தான் முதல் எச்.வி.எல்.பி. கன்னை வாங்கினேன். காற்றின் அளவு அதிகம், அழுத்தம் குறைவு என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். நாசில் முனையில் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் வராது. அழுத்தம் குறைவு என்பதால் பெயிண்ட் தகட்டில் பட்டுத் திரும்பிப் பறக்காது, போட்டதில் நூற்றுக்கு 65 பங்காவது தகட்டில் நிற்கும். பழைய கன்னில் பாதிக்கு மேல் புகையாகப் போகும். கிளியர் விற்கிற விலைக்கு இது பெரிய சேமிப்பு என்று கணக்குப் போட்டேன்.

கதவு ஒன்றில் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி விழுந்தது. பானெட்டும் அப்படித்தான். அந்தத் தைரியத்தில் ஒரு சில்வர் வண்டியின் டாப்பில் இறங்கினேன். முதல் பாதி பளபளவென்று வந்தது. மறுபக்கம் போய் நின்று அடிக்கும்போது கன்னின் சத்தமே மாறியது. ஹிஸ்ஸென்று இருந்தது புஸ்ஸென்று ஆனது. துளி பெரிதாகி, கிளியர் சொட்டுச் சொட்டாக விழுந்து, பரவாமல் அப்படியே நின்றுவிட்டது. உலர்ந்தபின் பார்த்தால் பாதி டாப் கண்ணாடி, பாதி டாப் கமலா ஆரஞ்சுத் தோல்.

கன்னில் ஒரு குறையும் இல்லை. அது நிமிடத்துக்கு 15 கன அடி காற்று கேட்கிற கன். என்னிடம் இருந்தது 2 எச்.பி. கம்ப்ரசர். ஒரு எச்.பி.க்கு நடைமுறையில் 4 கன அடி கிடைத்தால் அதிகம். அதாவது கன் குடிப்பதில் பாதிதான் கம்ப்ரசர் கொடுத்தது. டேங்கில் நிறைந்திருந்த காற்று ஒரு கதவுக்கும் ஒரு பானெட்டுக்கும் போதும், டாப்புக்குப் போதாது. சின்னத் தகட்டில் அடித்துப் பார்த்து ஏமாந்தது இதனால்தான். அன்று ராத்திரி முழுக்க 1500 வாட்டர் பேப்பர், பிறகு 2000, அதன்மேல் காம்பவுண்ட் என்று தேய்த்தேன். மறுநாள் தோள் தூக்க முடியவில்லை.

ஆகவே கன் தேடும் வேலை கம்ப்ரசரிடம் தொடங்குகிறது. 5 எச்.பி.யும் பெரிய டேங்கும் இருந்தால் எச்.வி.எல்.பி. தாராளமாக வாங்கலாம். 3 எச்.பி.தான் என்றால் 9, 10 கன அடியில் வேலை செய்கிற, காற்றைக் குறைவாகக் கேட்கும் வகை கன் வாங்க வேண்டும். அட்டையில் எழுதியிருக்கும் எழுத்துகளைவிட, பக்கத்தில் சின்னதாக அச்சடித்திருக்கும் காற்றின் அளவுதான் முக்கியம். நம் ஊரின் பெரும்பாலான ஷெட்களுக்கு இந்த இரண்டாவது வகைதான் பொருந்தும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். விலையுயர்ந்த கன்னைப் பசியோடு வைத்திருப்பதைவிட, சாதாரண கன்னுக்கு வயிறாரக் காற்று கொடுப்பது மேல்.

காற்று என்றால் எங்கள் ஊரில் தண்ணீரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். என் ஷெட்டிலிருந்து கடல் எட்டிப் பார்க்கும் தூரத்தில் இல்லை, ஆனால் மத்தியானம் கடல்காற்று திரும்பிவிட்டால் கையில் பிசுபிசுப்பு தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் கம்ப்ரசர் டேங்கின் அடிக் குழாயைத் திறந்தால் எண்ணெய்ப் பிசுக்கோடு, மோர் மாதிரி வெள்ளையாகத் தண்ணீர் கொட்டும். அதை வடிக்காமல் கிளியர் அடித்தால் துளித்துளியாகக் குழி விழும். பையன்கள் கன்னைக் குறை சொல்வார்கள். வாட்டர் செபரேட்டரைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டியிருப்பார்கள். அங்கே காற்று சூடாக இருக்கும், ஈரம் ஆவியாகவே அதைக் கடந்து போய்விடும். 25 அடிக்குக் குறையாமல் இரும்புக் குழாயில் ஓடி ஆறிய பிறகு மாட்டினால்தான் அது தண்ணீரைப் பிடிக்கும்.

நான் வேலை பழகியது நெல்லித்தோப்பில், ஒரு மேஸ்திரியிடம். அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலம். கிளியர் என்ற பேச்சே கிடையாது. என்.சி. பெயிண்ட், கீழே கப் தொங்கும் சக்‌ஷன் கன். அடித்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி அடித்து, கடைசியில் பாலிஷ் போட்டு மினுக்கை வரவழைப்போம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டு வண்டிகள் வரும். ஒரு கீறல், ஒரு தூசி தெரிந்தாலும் அந்தப் பெரியவர்கள் வண்டியை எடுக்க மாட்டார்கள். மேஸ்திரி அவர்களுக்கென்று தனியாக ஒரு நாள் சேர்த்துக் கேட்பார்.

முதல் ஆறு மாதம் அவர் என் கையில் பெயிண்டே கொடுக்கவில்லை. பழைய கன்னில் தண்ணீர் ஊற்றி, வெயிலில் சாத்தி வைத்த ஒரு பழைய கதவின் மேல் அடிக்கச் சொல்வார். சூட்டில் தண்ணீர் காயும்போது எந்த இடத்தில் கனமாக விழுந்தது, எந்த இடம் விட்டுப்போனது என்று பட்டை பட்டையாகத் தெரியும். “கையைத் தூளி மாதிரி ஆட்டாத. இடுப்போட போ” என்பார். மணிக்கட்டு வளைந்தால் பட்டையின் நடுவில் கனமும் இரு முனையில் வறட்சியும் வரும். தூரத்துக்கு அவர் சொன்ன அளவு, விரித்த கையின் ஒரு சாண். இன்றைய கன்களுக்கு அதைவிட இரண்டு விரற்கடை குறைவாக இருக்கலாம். ஒரு பட்டையின் பாதி மேல் அடுத்த பட்டை ஏற வேண்டும். தகட்டின் ஓரம் வருவதற்கு முன்னாலேயே டிரிக்கரை இழுத்து, ஓரத்தைத் தாண்டிய பிறகு விட வேண்டும்.

தொண்ணூறுகளில் மெட்டாலிக் வண்டிகள் வந்ததும் பேஸ் கோட், அதன்மேல் கிளியர் என்று வேலையே மாறியது. ஐம்பதைத் தாண்டியிருந்த மேஸ்திரி சக்‌ஷன் கன்னைத் துடைத்து வைத்துவிட்டு, மேல் கப் கன்னைப் புதிதாகப் பழகினார். சக்‌ஷன் கன்னின் 1.8 நாசில் கிளியரை வாளியில் ஊற்றுகிற மாதிரி ஊற்றியது. 1.3, 1.4 இரண்டில் எது என்று அவர் பல வாரம் அடித்து அடித்துப் பார்த்தார். அவர் கண்டதுதான் இன்றைக்கும் என் கணக்கு. கதவு, ஃபெண்டர் மாதிரிச் சின்ன வேலைக்கும் மெல்லிய கிளியருக்கும் 1.3. சித்திரை, வைகாசி வெயிலில் முழு வண்டி அடித்தாலோ, கெட்டியான கிளியர் என்றாலோ 1.4. சின்ன நாசிலை வைத்துக்கொண்டு காற்றை ஏற்றினால், துளி தகட்டைத் தொடுவதற்குள் பாதி உலர்ந்துவிடும். தடவிப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கும். பிரைமர் அடிக்கும் 1.8ஐ எடுத்து, “தின்னர் கொஞ்சம் குறைச்சா ஆச்சு” என்று கிளியர் அடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வழிந்து நிற்கும்.

பிரஷர் வைக்கும்போது டிரிக்கரை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் கேஜைப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது 2 பார் காட்டும் முள், காற்று ஓட ஆரம்பித்ததும் ஒன்றரைக்கு இறங்கும். மெல்லிய ஹோஸும் இடுக்கான கப்ளரும் இருந்தால் இன்னும் இறங்கும். கன்னுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை நல்ல ஹோஸுக்கு ஒதுக்குங்கள்.

ஒருநாள் மேஸ்திரியின் கிளியர் கன்னில் ஏர் கேப்பின் ஓட்டை ஒன்று அடைத்திருந்தது. சுத்தம் செய்து நல்ல பேர் வாங்கலாம் என்று சட்டையிலிருந்த ஊக்கை எடுத்துக் குத்தினேன். அடைப்பு போய்விட்டது. அவர் வந்து சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஒரு தடவை அடித்தார். நேராக விழ வேண்டிய பட்டை வாழைப்பழம் மாதிரி ஒருபக்கம் வளைந்திருந்தது.

“இன்னாடா வெச்சுக் குத்தின?”

ஊக்கைக் காட்டினேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. தென்னை ஈர்க்குச்சி ஒன்றைச் சீவி, முனையைப் பல்லால் மென்று மிருதுவாக்கி என் கையில் கொடுத்தார். “பித்தளைடா அது. இரும்பு பட்டா ஓட்டை பெருத்துடும். பெருத்தா பெருத்ததுதான்.” அந்த ஏர் கேப்பைத் தூக்கிப்போட வேண்டியிருந்தது. என் கூலியில் அவர் பிடிக்கவில்லை. இன்றும் என் ஷெட்டில் ஈர்க்குச்சிக் கட்டு ஒன்று தொங்குகிறது. கன்னை முழுதாகத் தின்னரில் ஊறப்போடுவதும் கூடாது. உள்ளே இருக்கும் வாஷர் உப்பிவிடும், காற்றுப் பாதையில் கரைந்த பெயிண்ட் போய் உட்காரும், அது அடுத்த வண்டியின் கிளியரில் தூசியாக வந்து விழும்.

கிளியர் கன்னில் கிளியர் தவிர வேறு எதையும் ஊற்றக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எவ்வளவு கழுவினாலும் மெட்டாலிக்கின் வெள்ளிப் பொடி எங்கேயாவது ஒட்டியிருக்கும். கறுப்பு வண்டியின் மேல் அது நட்சத்திரம் மாதிரி தெரியும். பணம் குறைவு என்றால் பேஸ் கோட்டுக்குச் சாதாரண கன் வைத்துக்கொண்டு, கிளியருக்கு நல்லதாக வாங்குங்கள். வண்டிக்காரர் கண்ணில் படுவது கிளியர்தான். ஆயுத பூஜையன்று பையன்கள் ஆசையாகக் கன்னுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். கைப்பிடியில் வைக்கச் சொல்லிவிடுவேன்.

எந்தக் கன்னாக இருந்தாலும் கிளியர் அடிக்கும்போது கண் கன்னில் இருக்கக்கூடாது. மேஸ்திரி எனக்குக் கொடுத்த பெரிய சொத்து இதுதான். ஷெட்டின் டியூப் லைட் ஈரமான கிளியரில் விழுந்து தெரியும். அந்த வெளிச்சக் கோட்டின் ஓரம் கலங்கி இருந்தால் கிளியர் இன்னும் போதவில்லை, கையைக் கொஞ்சம் மெதுவாக விடலாம். ஓரம் கத்தி மாதிரி கூர்மையாகத் தெரிந்த அந்த நொடியில் நகர்ந்துவிட வேண்டும். இன்னும் ஒரு நொடி நின்றால் வழியும். நல்ல கன் என்றால், வெளிச்சக் கோடு கூர்மையாவதைப் பார்க்க எனக்கு நேரம் கொடுக்கிற கன். அகலமான, சீரான பட்டை விழுந்து, டிரிக்கர் ஸ்பிரிங் விரலை நோகடிக்காமல் இருந்தால் அந்த நேரம் கிடைக்கும். பெயரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அமெரிக்காவில் டிவில்பிஸ் என்ற தொண்டை டாக்டர் நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைப் புகையாக அடிக்க ஒரு கருவி செய்தார். 1880களில் நடந்தது. அவர் மகன் 1907இல் அதே வழியில் பெயிண்ட் அடிக்கும் கன்னைக் கொண்டுவந்தார். இதை நான் பையன்களுக்குச் சொல்வதற்கு ஒரே காரணம் தொண்டைதான். கிளியரோடு கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குள் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை உடம்பு அதற்குப் பகையாகிவிட்டால் பிறகு துளி பட்டாலும் இழுப்பு வரும். மேஸ்திரி ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அடித்தார். அது போதாது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கடைசி வருஷங்களில் ஷெட் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், உள்ளே வர முடியாது. அங்கிருந்தே கன்னின் சத்தத்தைக் கேட்டு, “காத்து கம்மியா இருக்கு, பாரு” என்பார். சரியாக இருக்கும். துண்டும் துணி மாஸ்க்கும் இதற்கு உதவாது. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் மாஸ்க்தான் சரியான காவல். கன் வாங்கும் பணத்தில் அது சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை என்றால் கன்னை ஒரு மாதம் தள்ளி வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு வெள்ளைத்தாளும் அரை லிட்டர் தின்னரும் எடுத்துப் போங்கள். டிரிக்கரைப் பாதி இழுத்தால் காற்று மட்டும் வர வேண்டும், முழுதாக இழுத்தால்தான் தின்னர் வர வேண்டும். நீடிலைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள், ஆடாமல் உருள வேண்டும். பிறகு ஏர் கேப்பைத் திருப்பிப் பட்டையைப் படுக்கையாக வைத்து, தாள் நனைந்து ஒழுகும் வரை ஒரே இடத்தில் அடியுங்கள். ஒழுகும் கோடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இறங்கினால் பட்டை சீராக இருக்கிறது. நடுவில் மட்டும் நீண்டாலோ, இரு ஓரத்திலும் நீண்டு நடுவில் குறைந்தாலோ அதே கன்னில் இன்னொன்றை எடுக்கச் சொல்லுங்கள். அடித்துப் பார்க்க விடாத கடையில் கிளியர் கன் வாங்காதீர்கள்.