மழை இரவில் கூரை மேல்

சுவாஹிலியில் ‘சிங்கம் தூங்குகிறது’ என்பதற்கும் ‘ஆசிரியர் தூங்குகிறார்’ என்பதற்கும் வினைச்சொல் ஒன்றுதான். சிம்பா அனலாலா, ம்வாலிமு அனலாலா. மனிதருக்கும் விலங்குக்கும் இலக்கணத்தில் ஒரே வரிசை. அவன், அவள் என்ற பிரிவும் இல்லை, இருவருக்கும் ‘யேயே’தான். உயர்திணை, அஃறிணை என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டிருக்கும் எனக்கு இதைச் சொல்லித்தந்தவர், வட தான்சானியாவில் எங்களுக்கு ஜீப் ஓட்டியவர். அதே நிலத்தில் மாசாய் மக்கள் பேசும் ‘மா’ மொழியோ இதற்கு நேர்மாறு. அங்கே பெயர்ச்சொற்களுக்கெல்லாம் ஆண்பால் பெண்பால் உண்டு, கல்லுக்கும் மரத்துக்கும்கூட. பெரும்பாலும் பெரியது ஆண்பால், சிறியது பெண்பால். இதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் கடவுளைக் குறிக்கும் ‘எங்காய்’ என்ற சொல் பெண்பால். மழைக்கும் அதே சொல். வீட்டைக் குறிக்கும் ‘எங்காஜி’யும் பெண்பால்தான். வீடு பெண்பாலாக இருப்பதற்கு அங்கே கண்ணால் பார்க்கக்கூடிய காரணம் ஒன்றிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டார் எஸ் சலாமில் வேலை பார்க்கும் தோழி கூப்பிட்டதால் பிப்ரவரியில் போனேன். செரெங்கெட்டி, நிகோரோங்கோரோ என்றதும் கல்லூரியில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “சிங்கம் பார்ப்பீங்களா மேடம்?” சஃபாரிக்காரர்கள் ‘பெரிய ஐந்து’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம். அழகுக்காகவோ அருமைக்காகவோ போட்ட பட்டியல் அல்ல அது. நடந்துபோய்ச் சுடுவதற்கு எவை கடினமோ அவற்றை வேட்டைக்காரர்கள் வரிசைப்படுத்தியது. துப்பாக்கி போய் கேமரா வந்த பின்னும் பட்டியல் மாறவில்லை.

பட்டியலில் இல்லாத ஒன்றைப் பார்க்கத்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். செரெங்கெட்டியின் தெற்கு ஓரத்தில் ந்டுட்டு சமவெளி. மாட்டின் உடம்பும் குதிரையின் முகமும் தாடியுமாக இருக்கும் வில்டபீஸ்ட்கள் பத்து லட்சத்துக்கும் மேல் ஒவ்வோர் ஆண்டும் வட்டமடித்து இந்தப் புல்வெளிக்கு வந்து சேர்கின்றன. வருவது ஈனுவதற்காக. பக்கத்து எரிமலைகள் காலங்காலமாகக் கொட்டிய சாம்பல் படிந்த மண் இது. குட்டைப்புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் அதிகம். சினைக்கும் பால் கொடுப்பதற்கும் எந்த மண் வேண்டும் என்று அந்தப் பசுக்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒட்டுமொத்தமாகப் பிறந்துவிடுகின்றன. ஒரே நேரத்தில் லட்சக்கணக்கில் பிறந்தால், தின்ன வருபவை எவ்வளவுதான் தின்னும்? இதுதான் கணக்கு. ஒரு பசு நின்றபடியும் படுத்தபடியும் மாறி மாறி முக்கியது. கன்று விழுந்தது. நாலைந்து முறை கால் மடங்கி விழுந்து, எழுந்து, சில நிமிடங்களில் தாயோடு ஓடியது. பக்கத்து வண்டியில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டிருந்தார். இந்த மந்தைகளைப் பற்றி நான் அதுவரை பார்த்த படங்களிலெல்லாம் ஆறு, முதலை, பாய்ச்சல். ஈற்றைக் காட்டிய ஒன்றும் நினைவில் இல்லை.

அடுத்த நாள் நிகோரோங்கோரோ. எரிமலையின் தலை உள்வாங்கிச் சரிந்து உண்டான பள்ளம். சுமார் 600 மீட்டர் ஆழம், அடியில் 260 சதுர கிலோமீட்டர் பரப்பு. மேல் விளிம்பில் காலைப்பனி. கீழே இறங்கினால் உப்பேரி, அதன் ஓரத்தில் பூநாரைகள், மஞ்சள் பட்டை வேலமரங்கள். அங்கே கழுதைப்புலியைப் பார்த்ததும் வண்டிக்குள் முகம் சுளித்தவர்களே அதிகம். சிங்கம் கொன்றதைத் திருடித் தின்பது என்றுதான் அதற்குப் பெயர். 1960களில் ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியலாளர் இதே பள்ளத்தில் இரவுகளில் பின்தொடர்ந்து பார்த்தபோது தெரிந்தது வேறு: கழுதைப்புலிகள் கூட்டமாக வேட்டையாடிக் கொன்றதைச் சிங்கங்கள் வந்து பிடுங்கிக்கொள்கின்றன. விடிந்தபின் வருகிறவர் கண்ணுக்கு, தின்னும் சிங்கமும் தள்ளி நின்று காத்திருக்கும் கழுதைப்புலியும்தான் படும்.

கழுதைப்புலிக் கூட்டத்தில் ஆட்சி பெண்களுடையது. தாயின் தகுதிதான் குட்டியின் தகுதி. வளர்ந்த ஆண் பெரும்பாலும் வேறு கூட்டம் தேடிப்போய் அங்கே கடைசி வரிசையில் நிற்கிறது. இதைக் கேட்டுக் கைதட்ட வேண்டாம். பெண் கழுதைப்புலியின் உறுப்பு ஆணுடையதைப் போல நீண்டது. அதன் வழியாகத்தான் ஈன வேண்டும். தலைச்சன் ஈற்றில் குட்டிகள் பல இறந்தே பிறக்கின்றன. தொல்காப்பிய மரபியல் நாய்க்கும் பன்றிக்கும் நரிக்கும் பெண்பாற் பெயராகப் ‘பாட்டி’ என்ற சொல்லைத் தருகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பு எழும். அந்தப் பள்ளத்தில், வயிறு தொங்க முன்னால் நடந்த ஒருத்தியையும் அவளுக்கு வழிவிட்ட மற்றவற்றையும் பார்த்தபோது அந்தச் சொல் எனக்குச் சரியாகப் பொருந்தி வந்தது.

பள்ளத்திலிருந்து செரெங்கெட்டிப் பக்கம் போகும் வழியில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் மருள் செடிக்கு மாசாய்கள் வைத்த பெயர் ஓல்டுபாய். ஐரோப்பியர் காதில் அது ஓல்டுவாய் ஆயிற்று. 1959 ஜூலை 17 அன்று கணவர் லூயி லீக்கி காய்ச்சலில் கூடாரத்தில் படுத்திருக்க, மேரி லீக்கி நாய்களோடு தனியாக நடந்துபோய், சரிவில் நீட்டிக்கொண்டிருந்த எலும்பைக் கண்டார். பதினேழரை லட்சம் ஆண்டுக்கு முந்தைய மண்டையோடு. மேரி பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. அந்த மண்டையோட்டை அறிவித்த கட்டுரை லூயியின் பெயரில் வந்தது. பிறகு 1978இல், தெற்கே லேடோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித்தடங்களை மேரியின் குழு தோண்டி வெளிக்கொணர்ந்தது. 36 லட்சம் ஆண்டுக்கு முன் இரண்டு காலில் நடந்தவர்கள். பெரிய தடம், பக்கத்தில் சிறிய தடம். தடத்தில் தெரிவது இவ்வளவுதான். ஆனால் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இதற்கு உருவம் செய்து வைத்தபோது, உயரமான ஆண், குள்ளமான பெண், அவள் தோளில் அவன் கை என்று வைத்தார்கள். சாம்பலில் கால் பதியும். தோளில் போட்ட கை எப்படிப் பதியும்? தாயும் மகளுமாக இருக்கலாம். அக்காவும் தம்பியுமாக இருக்கலாம். மூலத் தடங்களைப் பாதுகாப்புக்காக மண் போட்டு மூடிவிட்டார்கள்; ஓல்டுவாய் அருங்காட்சியகத்தில் வார்ப்பைத்தான் பார்க்க முடியும். என் காலை அதன் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தேன். என் கால் பெரிது.

நிகோரோங்கோரோவின் விளிம்பில் கல்லால் கட்டிய ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஜெர்மானிய விலங்கியலாளர் பெர்னார்டு கிர்சிமெக்கின் மகன் மைக்கேல் 1959 ஜனவரியில் விமான விபத்தில் இறந்து அங்கே புதைக்கப்பட்டார். பின்னர் தந்தையும் அங்கேயே. வானிலிருந்து விலங்குகளை எண்ணிய அவர்களின் ‘செரெங்கெட்டி சாகக்கூடாது’ படம் ஆஸ்கர் வாங்கியது. காட்டு விலங்கும் மாட்டு மந்தையும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது என்பது கிர்சிமெக்கின் உறுதியான கருத்து. அதே 1959இல் செரெங்கெட்டியில் வாழ்ந்த மாசாய்களைப் பிரிட்டிஷ் அரசு வெளியேற்றி, நிகோரோங்கோரோவில் வாழலாம் என்று வாக்குக் கொடுத்தது. இப்போது அந்த இடத்திலிருந்தும் கிளம்பச் சொல்கிறார்கள். 2022 முதல் சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, ஹண்டெனி மாவட்டத்தின் ம்சோமெராவில் அரசு வீடு கட்டித் தருகிறது. விரும்பியவர்கள்தான் போகிறார்கள் என்கிறது அரசு. பள்ளியையும் மருத்துவமனையையும் நலியவிட்டுவிட்டு விருப்பம் கேட்பது என்ன நியாயம் என்று கேட்கிறார்கள் அங்கே இருப்பவர்கள். வடக்கே லோலியண்டோவில் அதே 2022 ஜூனில் 1,500 சதுர கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நட்டபோது துப்பாக்கிச்சூடு நடந்தது. பலர் கென்யாவுக்குத் தப்பி ஓடினார்கள். அந்த லோலியண்டோவின் பெண்கள் நிலப்பிரச்சினைக்காக 2010இலேயே ஆளுங்கட்சியின் உறுப்பினர் அட்டைகளைத் திரட்டித் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவர்கள். சுற்றுலாக் கையேடுகளில் மாசாய் என்றால் ஈட்டியோடு குதிக்கும் இளைஞன்தான்.

நாங்கள் போன குடியிருப்பிலும் வரவேற்பு குதியாட்டத்தோடுதான். வாசலில் டாலரில் கட்டணம் வாங்கியவர் ஆண். சுற்றிக்காட்டியவன் ஆண். பெண்கள் மணிமாலைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வீடு கட்டுவது பெண்ணின் வேலை. ஒரு கணவனின் மனைவியர் ஒவ்வொருத்தியும் தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்கிறாள். கம்பு நட்டு, குச்சி பின்னி, மண்ணும் சாணியும் குழைத்துப் பூசுகிறாள். நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். உள்ளே புகை, கன்றுக்குட்டிக்கு ஒரு மூலை. சாணி மணம் எனக்கு அந்நியமில்லை. வெள்ளிதோறும் அம்மா மெழுகிய தரையில் தவழ்ந்தவள் நான். அந்த வீட்டுப் பட்டாவில் அம்மா பெயர் ஒருநாளும் இருந்ததில்லை.

இதைப் பெண்களின் சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. மாடுகள் ஆண்களுடையவை. 18 வயதுக்குட்பட்ட சிறுமிகளின் உறுப்பைச் சிதைப்பதைத் தான்சானியச் சட்டம் 1998இல் தடைசெய்தது. தடை போட்ட பிறகும் மறைவாக நடக்கிறது. 1999இன் கிராம நிலச் சட்டம் பெண்ணுக்கு ஆணுக்கு இணையான உரிமையை எழுத்தில் தந்திருக்கிறது, எழுத்தில்.

வீட்டுக்காரிக்கு என் வயதிருக்கும். “இதைக் கட்ட எவ்வளவு நாள் ஆச்சு?” என்று கேட்டேன். சுற்றிக்காட்டியவன் அவளிடம் கேட்காமலே பதில் சொல்ல ஆரம்பித்தான். “அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க தம்பி” என்றாள் தோழி. அவன் கேட்டான். அவள் நெடுநேரம் பேசினாள், கையை மேலே காட்டிக் காட்டி. அவன் சொன்னது ஒரு வரி: “மழை பெய்தால் ஒழுகும்.” விடாமல் கேட்டதில் மிச்சமும் வந்தது. மழை இரவில் ஒழுகினால் இருட்டிலேயே கூரை மேல் ஏறிச் சாணி பூச வேண்டும். ஆண்கள் ஏறமாட்டார்கள், அது அவர்கள் வேலையில்லை. போன மழையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி.

ம்சோமெராவைப் பற்றிக் கேட்டேன். அவன் தயங்கிவிட்டுத்தான் கேட்டான். அவள் தங்கை போயிருக்கிறாளாம். தகரக் கூரை, ஒழுகாது, அது நல்லது என்றாள். ஒழுகாத கூரையை வேண்டாம் என்று எந்தப் பெண் சொல்வாள்? பிறகு விரலால் தரையில் ஒரு கட்டம் போட்டாள். தங்கைக்கு இங்கே தனி வீடு இருந்தது, அவள் சக்களத்திக்கும் தனி வீடு. அங்கே புருஷன் பெயரில் ஒரே வீடு, கதவு ஒன்று. கணவனோடு சண்டை வந்தால் தங்கை எந்த வீட்டுக்குப் போய்ப் படுப்பாள் என்று கேட்டாள். அதை மொழிபெயர்த்துவிட்டு அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அதற்குள் அடுத்த வண்டி வந்து நின்றது. அவள் மாலைகளை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் உட்கார்ந்தாள்.