சூரியன் கிழக்கே உதிக்கிறதாம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். இதில் நான் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

போன வாரம் பேத்தி போனில், "தாத்தா, அப்பேரன்ட்லின்னா க்ளியர்லிதானே?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்று விளக்கிச் சொன்னேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் பாடம். வாத்தியார் புத்தி போகுமா!

சர்டன்லி, டெஃபினிட்லி என்றால் "நான் உறுதியாகச் சொல்கிறேன்". அப்வியஸ்லி, க்ளியர்லி என்றால் "பார்த்தால் யாருக்குமே புரியும்". எவிடென்ட்லி என்றால் கண்முன் சான்று இருக்கிறது, அதை வைத்துச் சொல்கிறேன் என்று பொருள். தரை முழுக்க ஈரம். இரவு மழை பெய்திருக்கிறது என்கிறோமே, அதுபோல.

ஷ்யூர்லி பலமான சொல் போலத் தோன்றும். ஆனால் உள்ளே ஒரு சந்தேகம் ஒளிந்திருக்கும். "ஷ்யூர்லி யூ ரிமெம்பர் மீ?" என்றால் "என்னை ஞாபகம் இருக்கும்தானே?" என்று அர்த்தம். நம் 'தானே' அங்கே வந்துவிடுகிறது.

அப்பேரன்ட்லி இவற்றில் சேராது. "கேள்விப்பட்டேன், அப்படித்தான் தோன்றுகிறது, தவறாக இருந்தால் நான் பொறுப்பில்லை" என்பதுதான் அதன் குணம். தமிழில் அதற்கு ஓர் 'ஆம்' போதும். "அவன் சென்னையில இருக்கானாம்." நம் வீட்டுப் பாட்டிகள் தினமும் பேசுவதுதான்.

குழப்பம் எங்கே வருகிறது தெரியுமா? அப்பேரன்ட் என்ற பெயரடைக்குத் 'தெளிவாகத் தெரிகிற' என்ற பொருளும் உண்டு. "இட் வாஸ் அப்பேரன்ட் தட் ஹி வாஸ் டயர்ட்" என்றால் அவன் களைத்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. அதோடு 'லி' சேர்த்தால் பொருள் நழுவிவிடும். நானும் அங்கேதான் வழுக்கி விழுந்தேன்.

1994, அரையாண்டுத் தேர்வு. 11-ஆம் வகுப்பு. சொற்களை வாக்கியத்தில் அமைக்கும் கேள்விக்கு இரண்டு பையன்கள் ஐந்து வாக்கியங்களையும் எழுத்து மாறாமல் ஒன்றுபோல எழுதியிருந்தார்கள். அதில் ஒன்று, "தி சன் அப்பேரன்ட்லி ரைசஸ் இன் தி ஈஸ்ட்". இருவரும் அடுத்தடுத்த பெஞ்ச். ஒருவன் வகுப்பில் முதல் மாணவன். இன்னொருவன் சுமாராகப் படிப்பவன். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. சுமாரானவன் தாளில் சிவப்பு மையில் "அப்வியஸ்லி காப்பீட்" என்று எழுதிப் பூஜ்யம் போட்டேன்.

"சார், நீங்க சொல்லிக் கொடுத்ததுதான் சார்" என்றான். எதிர்த்துப் பேசுகிறான் என்று வெளியே நிறுத்தினேன். அப்பாவை அழைத்து வரச் சொன்னேன். செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்றார். பையன் தலையை நிமிர்த்தவே இல்லை.

ஜனவரியில் நோட்டுத் திருத்தும்போது அந்த ஐந்து வாக்கியங்களும் அவன் நோட்டில் இருந்தன. கீழே என் கையெழுத்து, தேதி. ஒரு மழைச் சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு அந்த இரண்டு பேர் மட்டும்தான் வந்திருந்தார்கள். எழுதச் சொன்னவன் நான். மறந்துபோனவனும் நான்.

மதிப்பெண்ணை ஓசையில்லாமல் திருத்தினேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் அப்பாவிடமும் சொல்லவில்லை. வாத்தியார் கெத்து!

சில வருடம் கழித்து ஒரு பணியிடைப் பயிற்சியில்தான் அப்பேரன்ட்லியின் சரியான பொருள் தெரிந்தது. அதுவரை க்ளியர்லி என்றுதான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் நான் எழுதச் சொன்ன வாக்கியத்துக்கு என்ன பொருள்? "சூரியன் கிழக்கே உதிக்கிறதாம்!" பக்கத்தில் இருந்தவர்கள் வேறு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு சொல்லையும் நான் இடம் மாற்றி வைத்திருக்கிறேன். சந்தேகமே இல்லாத சூரியனுக்கு அப்பேரன்ட்லி போட்டேன். விசாரிக்காத ஒரு பையனுக்கு அப்வியஸ்லி போட்டேன். அவன் விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் 'ஆம்' அளவுதான்.

அந்த மாணவர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார். ஒவ்வோர் ஆசிரியர் தினத்துக்கும் தவறாமல் வாழ்த்துச் சொல்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரியும். தம்பி, அன்று நீ சொன்னது உண்மை. ஐ வாஸ் டெஃபினிட்லி ராங். உன் அப்பா இருந்தால் அவரிடமும் இதைப் படித்துக் காட்டு. அவர் கூப்பிடச் சொன்னால் நானே நேரில் வருகிறேன்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், அதிகாரிகள். ஒருவரைப் பற்றி அப்வியஸ்லி என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது, அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். மூட்டுவலி தேவலை.