நாலு கிளாஸ், நாலு வாசம்

முதலிலேயே டிஸ்கி போட்டுவிடுகிறேன். குடி குடியைக் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், உடம்புக்குக் கெடுதல் செய்யாத அளவு என்று மதுவில் ஒன்று கிடையவே கிடையாது என்று சொல்லிவிட்டது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கெனவே இந்தப் பழக்கம் உள்ளவர்கள் உள்ளே போவது என்ன என்று தெரிந்துகொண்டு குடிக்கலாமே என்பதற்காகத்தான் இவ்வளவும்.

குர்காவ்ன் வந்து பதினாலு வருஷம் ஆகிறது. (2016ல் குருகிராம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நம் வாயில் இன்னும் குர்காவ்ன்தான்.) இங்கே ஒயின்ஷாப்புக்கு டேக்கா என்று பெயர். கோவில்பட்டிப் பக்கம் நான் பார்த்து வளர்ந்த கடைகளில் கம்பிக்குள் கையை விட்டால் குவார்ட்டர் வரும், என்ன பிராண்ட் என்பது கடைக்காரர் இஷ்டம். இங்கே பெரிய டேக்காவில் ஏசி ஓடுகிறது. பாட்டிலை எடுத்து, திருப்பி, லேபிளைப் படித்து, பிடிக்காவிட்டால் திரும்ப வைத்துவிட்டு வரலாம். எனக்கு விஸ்கியில் ஆர்வம் வந்தது அந்த லேபிள்களைப் படித்துத்தான்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் நாங்கள் நாலு பேர். பக்கத்து ஃபிளாட் சர்தார்ஜி, மேல்மாடி பெங்காலி தாதா, ஒரு மலையாளிச் சேட்டன், அடியேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஒருவருக்கு நாலு சின்ன கிளாஸ், ஒவ்வொன்றிலும் 15 மில்லி. ஆக மொத்தம் 60. அதற்கு மேல் கிடையாது. சர்தார்ஜிக்கு இது பெரிய சித்திரவதை. அவர் ஊரில் பட்டியாலா பெக் என்றால் சுண்டுவிரலில் இருந்து ஆள்காட்டி விரல் வரை கிளாஸில் ஏற வேண்டும். "இது என்ன, குழந்தைக்கு இருமல் மருந்தா?" என்று கேட்டவர், இப்போது எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

சரி, மேட்டருக்கு வருவோம். நம் ஊரில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி, வெளியூர்க்காரன் கண்ணில் விஸ்கியே இல்லை. விஸ்கி என்றால் தானியத்தில் இருந்து வர வேண்டும்: பார்லி, சோளம், கோதுமை, ரை. நம் மலிவுச் சரக்கில் பெரும்பாலும் இருப்பது சர்க்கரை ஆலையில் கரும்புச்சாறு காய்ச்சி மிஞ்சும் மொலாசஸில் இருந்து வடித்த ஸ்பிரிட். அதில் கொஞ்சம் மால்ட் விஸ்கி, கொஞ்சம் கலர், கொஞ்சம் வாசனை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதை விஸ்கி என்று லேபிள் ஒட்டி விற்க முடியாது. அங்கே தானியமும் வேண்டும், மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷமும் வேண்டும். ஸ்காட்லாந்தில் இன்னும் கறார்: ஓக் மரப் பீப்பாய், அதுவும் 700 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, மூன்று வருஷமும் ஸ்காட்லாந்து மண்ணிலேயே இருக்க வேண்டும்.

நம்மவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் இறக்கி, உடனே ஊறுகாயை நக்குவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அதில் ருசித்துப் பார்க்க ஒன்றும் இல்லை. கலர் சோடாவை ஊற்றி மறைக்கவேண்டிய சரக்கு அது.

எங்கள் நாலு கிளாஸுக்கு வருகிறேன். எப்போதும் லேசானதில் ஆரம்பித்துப் புகை அதிகமானதில் முடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் முதல் கிளாஸிலேயே நாக்கு அவுட்.

முதல் கிளாஸ், கிளென்லிவெட் 12. ஸ்காட்லாந்தில் ஸ்பேசைட் பகுதி. ஜார்ஜ் ஸ்மித் என்பவர் 1824ல் லைசென்ஸ் வாங்கி நடத்திய சாராய ஆலை. தேன், ஆப்பிள், கொஞ்சம் அன்னாசி. யாரையும் பயமுறுத்தாத விஸ்கி. புதிதாக எங்களோடு உட்காருபவருக்கு இதைத்தான் முதலில் கொடுப்போம்.

இரண்டாவது, நம்ம பெங்களூர் அம்ருத் ஃப்யூஷன். 1948ல் ஆரம்பித்த கம்பெனி. 2004ல் தங்கள் சிங்கிள் மால்ட்டை முதன்முதலில் விற்கக் கொண்டுபோன ஊர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ! திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோன கதை. ஃப்யூஷனில் முக்கால் பங்கு இந்திய பார்லி, கால் பங்கு ஸ்காட்லாந்தில் இருந்து வரும் புகையேற்றிய பார்லி. ஜிம் முர்ரே என்கிற விஸ்கி விமர்சகர் தன் 2010 புத்தகத்தில் இதை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதிய பிறகுதான் நம் நாட்டிலேயே பலர் திரும்பிப் பார்த்தார்கள். 50 சதவீத ஆல்கஹால், கொஞ்சம் தண்ணீர் கேட்கும். ஆரஞ்சுத் தோல், சாக்லேட், பின்னால் மெதுவாக ஒரு புகை.

மூன்றாவது, இந்திரி. எங்கள் ஹரியானாச் சரக்கு. கர்னால் பக்கத்தில் இந்திரி என்று ஓர் ஊர், அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். 2021ல் வந்தது. பர்பன் இருந்த பீப்பாய், பிரெஞ்சு ஒயின் இருந்த பீப்பாய், ஷெர்ரி இருந்த பீப்பாய், மூன்றிலும் ஊறியதைக் கலக்கிறார்கள். உலர்திராட்சை, பாகு, லேசாகக் காரம்.

நாலாவது, லஃப்ரோய்க் 10. ஸ்காட்லாந்தின் மேற்கே ஐலா தீவு. அங்கே பார்லியை பீட் என்கிற மக்கிய கரியை எரித்த புகையில் உலர்த்துகிறார்கள். டிங்சர், கடல், சாம்பல். முதல்முறை குடிப்பவர் நம்மை முறைத்துப் பார்ப்பார். மூன்றாவது முறை அவரே அந்தக் கிளாஸைத் தேடுவார்.

இங்கே ஒரு கணக்கு. பீப்பாயில் இருக்கும்போதே விஸ்கி கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். தேவதைகளின் பங்கு என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக் குளிரில் வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம், பெங்களூரில் 10 சதவீதத்துக்கும் மேல். 100 லிட்டர் ஊற்றிப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் திறந்தால் அங்கே சுமார் 78 லிட்டர் இருக்கும். இங்கே 28தான்! நம்ம ஊர் தேவதைகள் மொடாக்குடி. ஆனால் அதே வெயிலில் மரத்தின் சாரமும் வேகமாக இறங்குகிறது. அதனால்தான் இந்திய மால்ட் பாட்டில்களில் பெரும்பாலும் வயசு போடுவதில்லை. 12, 18 என்ற நம்பரை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

குடிக்கும் முறை எளிது. வாய் குறுகிய கிளாஸ் நல்லது. மூக்கை உள்ளே விட்டு இழுக்காதீர்கள், எரியும். வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர வேண்டும். சின்ன மிடறு, நாக்கில் கொஞ்ச நேரம். பிறகு ஸ்பூனால் சில சொட்டு தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்து பாருங்கள், வேறு விஸ்கி போல இருக்கும். இது மனப்பிரமை இல்லை. 2017ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்து, தண்ணீர் சேர்த்து நீர்க்கும்போது புகை வாசம் தரும் மூலக்கூறு மேற்பரப்புக்கு வருகிறது என்று சொன்னார்கள்.

இவ்வளவு வக்கணையாகச் சொல்கிறேனே, வீட்டில் எப்படி என்று கேட்பீர்கள். தங்கமணி போட்ட கண்டிஷன் இரண்டே இரண்டு. ஒன்று, ஒளித்துவைக்கக் கூடாது. இரண்டு, பையன் ஐஸ் எடுத்து வரக் கூடாது, மிக்சர் தட்டு நீட்டக் கூடாது, அந்த மேஜைக்கே வரக் கூடாது.

முதல் கண்டிஷனுக்குப் பரீட்சை போன குளிர்காலத்தில் வந்தது. அம்மா மூன்று மாதம் தங்க வந்தார்கள். ஊரில் இருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் இங்கே நம் தமிழ்க் குடும்பங்களில் பாட்டில்கள் எல்லாம் பரண் மேல் சூட்கேசுக்குள் ஏறிவிடும். நான் ஏற்றவில்லை.

ஏன் இது பெரிய விஷயம் என்றால், எங்கள் தாய்மாமா குடித்தே செத்தவர். அம்மாவுக்கு ஒரே தம்பி. 1998ல், 47 வயதில், கல்லீரல் போய். நிலம் போனது, அத்தையின் நகை போனது, கடைசியில் அம்மாதான் பெரியாஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்தது. எங்கள் வீட்டில் குடிகாரன், குடிக்காதவன் என்று இரண்டே ஜாதி. நடுவில் ஒன்று இருக்கலாம் என்று அம்மாவிடம் யார் சொல்வது?

அலமாரியைப் பார்த்துவிட்டு அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அந்தச் சனிக்கிழமை நாங்கள் தாதா வீட்டில் உட்கார்ந்தோம். என் கிளாஸ்களைக் கொண்டுவந்து சிங்க்கில் போட்டிருந்தேன். காலையில் பார்த்தால் அம்மா அவற்றைக் கழுவாமல் ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருக்கிறார்கள். விஸ்கி தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஆல்கஹால் பறந்துபோன பிறகு காலிக் கிளாஸில்தான் மரத்தின் வாசம் சுத்தமாக நிற்கும்.

"இதுல கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுத வாசம் வருது" என்றார்கள். இந்திரி. "இது அடுப்ப அணைச்சப்புறம் வருமே, அது." ஃப்யூஷன். "இது ஆஸ்பத்திரி வாசம்." லஃப்ரோய்க், வேறென்ன! கிளென்லிவெட்டை முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்கள். பதினாலு வருஷமாக லேபிள் படிக்கிறேன், எனக்கு வராத மூக்கு.

பிறகு குழாயைத் திறந்துகொண்டே சொன்னார்கள்: "உன் மாமன் மேல இப்படி விதவிதமா வந்ததே இல்லடா. ஒரே வாசம்தான், செத்த அன்னைக்கும் அதே வாசம்தான்."

"இது அந்த மாதிரி இல்லம்மா, மாசத்துல ஒரு நாள், அதுவும் கொஞ்சம்" என்றேன்.

"வாசம் வேறயா இருக்கலாம். உள்ள போயி செய்யுத வேல ஒண்ணுதான?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மை அதுதான். இந்தியச் சரக்கில் வழக்கமாக 42.8 சதவீதம், இந்திரியில் 46. கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. நல்ல சரக்கு என்றால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று நம்மவர்கள் சொல்வதை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். சுத்தப் பேத்தல். மாமா குடித்ததற்கும் நான் குடிப்பதற்கும் வித்தியாசம் பாட்டிலில் இல்லை. அளவிலும், இத்தனை நாளைக்கு ஒரு தடவை என்பதிலும், யாரோடு உட்காருகிறோம் என்பதிலும்தான் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு மாதமும் நானே காப்பாற்றியாக வேண்டும்.

அன்று சாயங்காலம் அம்மா பையனின் பால்பாயின்ட் பேனாவை வாங்கி எல்லா பாட்டிலிலும் சரக்கு நிற்கும் மட்டத்தில் லேபிள் மேல் ஒரு கோடு போட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மாதம் அதற்குக் கீழே ஒன்று, அதற்கு அடுத்த மாதம் இன்னொன்று. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே விரல் வைத்துப் பார்ப்பார்கள். ஊருக்குக் கிளம்பும்போது தங்கமணியிடம் பேனாவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் கோடு விழுகிறது.

கடைசியாக ஒன்று. விஸ்கிப் புத்தகங்களில் ஹெதர் பூ, டாஃபி, ப்ளம் கேக் என்று எழுதியிருப்பார்கள். ஹெதர் பூவை நம்மில் யார் பார்த்தோம்? கருப்பட்டி, வெட்டிவேர், பலாச்சுளை, விறகடுப்புப் புகை என்று நம் மூக்குக்குத் தெரிந்த பெயரில் எழுதிவையுங்கள். இரண்டு பாட்டிலை எப்படி ஒப்பிடுவது என்பது அப்போதுதான் பிடிபடும். மெதுவாகவும் குடிப்பீர்கள், ஏனென்றால் ஒரு வாசத்துக்குப் பெயர் கண்டுபிடிக்கவே பத்து நிமிஷம் ஆகும். :)

உங்கள் வீட்டில் எப்படி? ஊரில் இருந்து பெரியவர்கள் வந்தால் பாட்டில் அலமாரியிலேயே இருக்குமா, பரணுக்கு ஏறுமா?