தலைப்பிள்ளையைச் சுமக்கும் சகோதரிக்கு



முதன்முறையாகத் தாயாகப் போகும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதி, இன்று ஊரில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒரு மௌலவி. கர்ப்பிணிகளின் உடல்நலம் பற்றி இவருக்கென்ன பேச்சு என்று நீங்கள் எண்ணலாம். நியாயமான கேள்விதான். இருபது வருடங்களுக்கு முன் என் வீட்டில் நான் செய்த ஒரு தவறே என்னை எழுத வைக்கிறது.

அது 2003ஆம் ஆண்டு. ஒக்டோபர் மாத இறுதியில் ரமழான் பிறந்தது. எனக்குத் திருமணமாகி ஒரு வருடம். கிழக்கின் வழக்கப்படி மனைவியின் வீட்டில்தான் குடியிருந்தேன். மனைவிக்கு அப்போது ஏழு மாதம் முடிந்து எட்டாவது நடந்துகொண்டிருந்தது. தலைநோன்புக்கு முந்திய இரவு, "நான் நோன்பு பிடிக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். ஷாபிஈ மத்ஹபின் சட்டத்தை மாணவர்களுக்குச் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னேன். தன் உடலுக்குத் தீங்கு வரும் என்று கர்ப்பிணி அஞ்சினால் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம். பிள்ளைக்கு மட்டும் தீங்கு என்று அஞ்சி விட்டால், களாவோடு நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம் பித்யாவும் கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாகச் சொன்னேன். கடைசியில், "உனக்கு ஏலுமென்றால் பிடி" என்று முடித்துவிட்டேன்.

மௌலவியின் மனைவி "ஏலாது" என்று எப்படிச் சொல்வாள்? மாமியும், "நான் எட்டுப் பிள்ளைக்கும் நோன்பு பிடிச்சவதான்" என்று பெருமையாகச் சொன்னார். மனைவி நோன்பு பிடித்தார். அந்த வாரத்துக் கிளினிக்கையும், "நோன்போடு வரிசையில் நிற்க வேண்டாம், பெருநாளைக்குப் பிறகு போவோம்" என்று நான்தான் தடுத்தேன்.

பத்து நோன்பு கழிந்தபின் அவருக்குத் தலையிடி தொடங்கியது. சஹரில் தேத்தண்ணி குடிக்காததால் வந்தது என்றார் மாமி. ளுஹருக்குப் பிறகு சற்றுத் தூங்கினால் சரியாகிவிடும் என்றேன் நான். முகம் வீங்கியது; விரலில் மோதிரம் கழற்ற முடியாமல் இறுகியது. எட்டாம் மாதத்தில் இதெல்லாம் சகஜம் என்றார்கள் அயல்வீட்டுப் பெண்கள். கண் மங்குகிறது என்று அவர் சொன்னபோதும், பசி மயக்கம் என்றுதான் நினைத்தேன்.

பதின்மூன்றாம் நோன்பன்று, கிளினிக்குக்கு வராதவரைத் தேடிக் குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்தார். ஊரில் எல்லோரும் 'மிட்வைஃப் மிஸ்' என்று அழைப்பவர். அவர் முஸ்லிம் அல்லர். மனைவியின் முகத்தையும் கைகளையும் பார்த்தார், சிறுநீரைச் சோதித்தார். பிறகு என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "மௌலவி, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க." அங்கே அளந்தபோது பிரஷர் 170க்கு 110. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கலாம், தாயும் பிள்ளையும் போயிருக்கலாம் என்றார் டொக்டர். சில நாட்கள் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, மாதம் நிறைவதற்கு முன்பே பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. 1.9 கிலோ. என் உள்ளங்கையில் அடங்கிவிடும்போல் இருந்தது.

டொக்டரிடம், "நோன்பு பிடித்ததாலா இந்த வருத்தம்?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். இந்த நோய் நோன்பில்லாத பெண்களுக்கும் வரும். தலைப்பிள்ளையைச் சுமப்பவர்களுக்குக் கூடுதலாக வரும். இருபது வாரத்துக்குப் பிறகு தலைகாட்டும். சகோதரியே, அந்தப் பதில் எனக்கு ஆறுதல் தரவில்லை. நோன்பு நோயைத் தரவில்லைதான். ஆனால் நோயின் ஒவ்வோர் அடையாளத்தையும் நாங்கள் நோன்பின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோம். அல்லாஹ் சலுகை தந்த இடத்தில் நான் மௌனமாக இருந்தேன். சட்டம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. அதைக் கேட்டவள் யார், எந்த நிலையில் கேட்டாள் என்பதைத்தான் நான் பார்க்கவில்லை.

நோயாளியும் பிரயாணியும் நோன்பை வேறு நாட்களில் நோற்கலாம் என்று அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் இலகுவாக்கித் தந்துள்ளான். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உள்ள சலுகை அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. சலுகையை ஏற்பது ஈமானின் பலவீனம் அல்ல. ஆகவே ரமழானுக்கு முன்பே உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். உங்கள் உடலுக்கு ஏலுமா ஏலாதா என்பதை அறிந்தவர் அவர். அந்தப் பதிலோடு ஆலிமிடம் வாருங்கள். நான் அன்று இந்த வரிசையைத் தவறவிட்டேன்.

இனி, அந்த நாளுக்குப் பிறகு நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

பிள்ளைக்கு ஆசைப்படும்போதே போலிக் அமிலக் குளிசையைத் தொடங்குங்கள். பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய், கரு உண்டான முதல் நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. அப்போது பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. மாதவிலக்குத் தள்ளிப்போனதும் மிட்வைஃபிடம் சொல்லி, எட்டு வாரத்துக்குள் பதிந்துகொள்ளுங்கள். வெட்கப்பட்டு நான்கு மாதம் மறைத்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, அதை விடுங்கள். இரத்த வகை, இரத்தத்தின் அளவு, சீனி, பிரஷர் எல்லாம் ஆரம்பத்திலேயே பார்க்கப்பட வேண்டியவை. தாயின் இரத்தம் நெகட்டிவ் வகையானால் அதற்கென்று ஊசி உண்டு; முன்கூட்டியே தெரிந்தால்தான் போட முடியும். ஏற்புவலித் தடையூசியையும் தவறவிடாதீர்கள்.

இரத்தத்தின் அளவு 11க்குக் கீழே இருந்தால் அது குருதிச்சோகை. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைக் குடித்தால் மலம் கறுக்கிறது, வயிறு இறுகுகிறது என்று பலர் அலுமாரியில் போட்டுவிடுகிறார்கள். மலம் கறுப்பதில் பயமில்லை. தண்ணீரும் பழமும் இலைக்கறியும் கூட்டிக்கொள்ளுங்கள். அப்படியும் ஏலாவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள், வேறு வகை தருவார்கள். ஆனால் தேத்தண்ணியோடு அதைக் குடிக்காதீர்கள். தேயிலை இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டவுடன் தேத்தண்ணி என்ற நம் பழக்கத்தையும் ஒரு மணித்தியாலமாவது தள்ளிப்போடுங்கள். கல்சியம் குளிசையை வேறு நேரத்தில் எடுங்கள். தோடம்பழமோ கொய்யாவோ கூடச் சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

'கூடச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பேறு கஷ்டமாகும்' என்று சொல்லிச் சோற்றைக் குறைக்கும் மாமிமார் இன்னும் இருக்கிறார்கள். மரியாதையோடு கேட்டுவிட்டு, வயிறாறச் சாப்பிடுங்கள். நெத்தலி, முட்டை, பயறு, முருங்கை இலை, பொன்னாங்கண்ணி போன்றவை ஏழை வீட்டிலும் கிடைக்கும். திரிபோஷ மா உங்களுக்காகத் தரப்படுவது. அதை உருண்டை பிடித்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பங்கிட்டுவிட்டு, கடைசியில் கையை நக்கிக்கொண்டிருக்காதீர்கள்.

இந்த அடையாளங்களை மனப்பாடமாக்கிக்கொள்ளுங்கள்: விடாத தலையிடி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், மேல்வயிற்று வலி, இரத்தம் படுதல், தண்ணீர்க்குடம் உடைதல், கடும் காய்ச்சல், பிள்ளையின் அசைவு குறைதல். இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். ஓதிப் பார்ப்பதும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வாகனத்துக்குள் நடக்கட்டும்.

பேறுகாலத்துக்கு முன்பே தாய்ப்பால் கொடுப்பது பற்றிக் கேட்டறிந்துகொள்ளுங்கள். பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளையை மார்பில் போடுங்கள். மஞ்சளாக வரும் முதற்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடாதீர்கள். அது பிள்ளையின் முதல் மருந்து. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் வேண்டாம். தஹ்னீக் செய்ய விரும்புவோர் வைத்தியரிடமோ தாதியிடமோ கேட்டுவிட்டு, கழுவிய விரலால் பேரீச்சம்பழச் சாற்றின் ஒரு துளியைத் தொட்டு வைக்கட்டும். தேன் மட்டும் வேண்டாம். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் ஆபத்தான நோயைத் தரக்கூடும்.

இதை உங்கள் கணவரிடமும் வாசித்துக் காட்டுங்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் உதவினார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். கிளினிக் நாளை நினைவில் வைப்பதும், ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சிறுகச் சிறுகச் சேர்ப்பதும், நள்ளிரவில் வரக்கூடிய வாகனக்காரரின் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைப்பதும் கணவரின் வேலைகள்தாம்.

பிள்ளை பிறந்த பிறகு காரணமில்லாமல் அழுகை வந்தால், அதை நன்றிகெட்டதனம் என்று எண்ணாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் அது நீடித்தாலோ, பிள்ளையைப் பார்க்கவே மனமில்லாமல் போனாலோ மிட்வைஃபிடம் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

அந்த 1.9 கிலோப் பிள்ளை இன்று திருமணம் முடித்து, ஐந்து மாதக் கர்ப்பிணி. சென்ற வாரம் தொலைபேசியில், "வாப்பா, நான் நோன்பு பிடிக்கட்டுமா?" என்று கேட்டாள். உம்மா கேட்ட அதே கேள்வி. சற்று நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, "முதலில் கிளினிக்கில் டொக்டரிடம் கேள் மகள், அதற்குப் பிறகு என்னிடம் வா" என்றேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சகோதரியே, உங்கள் வயிற்றில் இருக்கும் அமானிதத்தையும் அதைச் சுமக்கும் உங்களையும் வல்ல அல்லாஹ் சுகத்தோடு காத்தருள்வானாக. ஆமீன்.