கையில் உள்ள அமானிதம்

குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமென அரசியல் நிர்ணய சபையில் கே.டி.ஷா வாதிட்டார். ஆட்சி அதிகாரம் அமைச்சரவையிடம் இருக்கையில் அது பொருந்தாதென நேரு மறுத்தார். நேருவின் வாதமே நமக்கும் ஏற்புடையது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது.

இத்தேர்தலில் நம் இராதாபுரம் சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 176. தமிழகத்தின் 1971ஆம் ஆண்டு மக்கள் தொகையை 234 உறுப்பினர்க்குப் பங்கிட்டு, ஆயிரத்தால் வகுத்துக் கிடைத்தது அது. 2016இல் இத்தொகுதியில் வெற்றி வெறும் 49 வாக்குகளில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலிலோ 176 முழுவதும் ஒருவர் கையில்! எதிர்த்து வாக்களித்தோர் பங்கும் அதனுள் அடக்கம்.

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் அடுத்த கலீபாவைத் தெரிவு செய்ய அறுவரை நியமித்தார்கள். அவர்களுள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் தம் உரிமையைத் துறந்து, மதீனத்து மக்களின் கருத்தைக் கேட்டறிந்த பின்னரே உஸ்மான் (ரலி) அவர்களைத் தெரிவு செய்தார்கள்.

இங்கோ வாக்கு இரகசியம். கொறடா ஆணைக்கும் இடமில்லை. கேட்பதற்குத் தடை ஏது?