சட்டகத்தின் உறுதி

உலகிற் செய்யும் வினை எதற்கும் முறையொன்றுண்டு. முன்னர்ச் செய்யற்பாலதனைப் பின்னர்ச் செய்யின் பொருளும் உழைப்பும் வீணாவதோடு, சிற்சில வேளைகளில் உயிர்க்கே இறுதி நேர்தலுங் கூடும். தமிழிலக்கணம் பயிலும் மாணவராகிய யாம் மோட்டார் வண்டியைப்பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நகைப்பாரும் உளராகலாம். ஆயினும், இவ்வுண்மையை எமக்கு நன்கு விளக்கியது நூலன்று, ஒரு பழைய வண்டியின் சட்டகமேயாதலின், அவ்வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் தமையனார் இங்கிலாந்தில், பழைய கார்களைச் செப்பனிடும் பட்டறையொன்றிற் பணிபுரிகின்றார். சென்ற ஆண்டு அங்கு 'டிரயம்ப் டிஆர் 6' என்னும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. 1976ஆம் ஆண்டோடு செய்தல் நிறுத்தப்பெற்ற அவ்வகை வண்டி கூரையில்லாதது. இரண்டரை லிட்டர் அளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சினை உடையது. அதன் உரிமையாளர், அவ்வெஞ்சினை நீக்கி மூன்றரை லிட்டர் ரோவர் எஞ்சினைப் பொருத்தித் தருமாறும், கோடைக்குள் வேலையை முடிக்குமாறும் வேண்டினார். பட்டறைத் தலைவரும் இசைந்தார். எம் தமையனார் மட்டும், "சட்டகத்தை உறுதிப்படுத்தியன்றி எஞ்சினைப் பொருத்தேன்" என்று மறுத்துவிட்டார். அவர் பணியிற் சேர்ந்து ஓராண்டும் நிரம்பவில்லை. அவர் அனுப்பும் பணத்தாலேயே எம் கல்லூரிச் சம்பளம் செலுத்தப்பெறுகின்றது. ஆகலின், இச்செய்தி தாங்கிய கடிதம் எம் அன்னையார்க்குப் பெருங் கலக்கத்தை விளைத்தது. எமக்கோ, அவர் மறுத்ததன் காரணத்தை அறியும் வேட்கை மிகுந்தது.

புதிய எஞ்சின் கனமானது போலும், அதனைத் தாங்காது சட்டகம் முறியும் போலும் என்று எண்ணுதல் இயல்பே. ஆனால், அந்த ரோவர் எஞ்சின் அலுமினியத்தாலாயது. இரும்பாலாய பழையதினும் எடை மிக்கதன்று. கேடு விளைப்பது சுமையன்று, முறுக்கு. எஞ்சின் சக்கரங்களைச் சுழற்றுங்கால், அச்சுழற்சிக்கு எதிரான விசை சட்டகத்தையே பற்றித் திருகுகின்றது. அன்றியும், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க மற்றொன்று மேட்டில் ஏறுங்கால், ஈரத் துணியைப் பிழிவார் முறுக்குவதுபோலச் சட்டகம் முழுதும் முறுகுகின்றது. கூரையுள்ள வண்டிக்குக் கூரையும் துணைநிற்கும். திறந்த வண்டிக்கு அத்துணை இல்லை. சக்கரத்து வில்லின் துள்ளலை அடக்கத் தனிக் கருவியுண்டு. சட்டகமே வில்லாய் வளையின் அதனை அடக்குவது யாது? திருப்பத்தில், ஓட்டுவோன் கருதிய வழியில் வண்டி உடனே செல்லாது.

இதனை எமக்குத் தெளிவித்தவர் விடுதியில் எம்மோடு உறையும் பௌதிக மாணவர் ஒருவர். அவர் தடித்த தாளை இரு குழல்களாகச் சுருட்டினார். ஒன்றன் ஓரத்தை நெடுகப் பசையிட்டு ஒட்டினார். மற்றதனை ஒட்டாது நூலாற் கட்டினார். பசை உலர்ந்தபின் இரண்டையும் முறுக்கிப் பார்த்தோம். ஒட்டியது எம் கைக்கு எளிதில் இணங்கவில்லை. ஒட்டாதது இரு விரலுக்கே இணங்கி முறுகிற்று. தாள் ஒன்றே, அளவும் ஒன்றே. வேறுபாடு அந்தப் பிளவு மட்டுமே. மூன்றங்குல விட்டமும் பத்திலொரு பங்கு அங்குலத் தடிப்பும் உள்ள எஃகுக் குழலை நெடுகப் பிளந்துவிட்டால், முறுக்கைத் தாங்கும் அதன் உறுதி 600 மடங்கிற்கு மேலாகக் குறையும் என்று அவர் கணக்கிட்டுங் காட்டினார். டிஆர் 6 வண்டியின் சட்டகம் எஃகுத் தகடுகளைப் பெட்டிபோல் இணைத்துச் செய்யப்பெற்றது. அதன் இணைப்பைத் துரு தின்றுவிடின், அதுவும் ஒட்டாத குழலேயன்றோ?

இவ்வுண்மைக்குச் சான்றாக உலகறிந்த வரலாறொன்றும் உண்டு. இங்கிலாந்தில் ஏசி நிறுவனத்தார் 1953இல் வெளியிட்ட 'ஏஸ்' என்னும் வண்டி, மூன்றங்குல விட்டமுள்ள இரு நெடுங் குழல்களை அடிப்படையாக உடையது. இரண்டு லிட்டர் எஞ்சினுக்கென அமைந்தது. நெஞ்சுநோயால் 1960இல் பந்தயத்தினின்றும் விலகிய அமெரிக்கராகிய கரோல் ஷெல்பி, அவ்வண்டியில் ஃபோர்டு நிறுவனத்தாரின் எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்துவித்து, 1962இல் 'கோப்ரா' என்னும் வண்டியைத் தோற்றுவித்தார். அதன் எஞ்சின் முதலில் 4.2 லிட்டராகவும் பின்னர் 4.7 லிட்டராகவும் இருந்தது. 1965இல் 7 லிட்டர் எஞ்சினுடன் வெளிவந்தபொழுது, மூன்றங்குலக் குழல்கள் நான்கங்குலமாயின. தடிப்பு மாறாதாயின், இம்மாற்றத்தால் குழலின் எடை மூன்றிலொரு பங்கே கூடும். முறுக்கைத் தாங்கும் உறுதியோ இரண்டேகால் மடங்கிற்கு மேலாகும். எஞ்சினைப் பெருக்கியோர் சட்டகத்தையும் பெருக்கினர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பட்டறையில் நிகழ்ந்ததைக் கூறுவாம். எம் தமையனார் உரிமையாளரை அழைத்து, வண்டியின் முன்பக்கத்து ஒரு மூலையை மட்டும் ஜாக்கியால் உயர்த்தினார். சட்டகம் முறுகவே, கதவிற்கும் உடலுக்கும் இடையேயுள்ள சந்து ஒருபால் நெருங்கிக் கதவு இறுகிக்கொண்டது. பின்னச்சு டிபரென்ஷியலைத் தாங்கும் தாங்கியிற் கீறல் விழுந்திருந்தமையும் காட்டினார். இவ்வகை வண்டிக்குப் பழைய எஞ்சினாலேயே அவ்விடம் கிழிதல் அத்தொழிலோர் யாவரும் அறிந்த குறை. உரிமையாளர் நெடுநேரம் பேசாதிருந்து, "என் மகளும் இவ்வண்டியில் ஏறுவாள், வேண்டுங்காலம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாராம். பட்டறைத் தலைவரும் அதன்பின் ஒன்றும் மறுத்துரைக்கவில்லை.

வேலை ஐந்து திங்கள் நடந்தது. கதவிடங்கள் கோணாதபடி குறுக்குக் கம்பி கட்டி, உடலைத் தூக்கி அகற்றினர். சட்டகத்தைத் தேய்த்துத் தூய்மை செய்து, மூலைக்கு மூலை அளந்தனர். துருப்பிடித்த பகுதியை வெட்டியெறிந்து புதுத் தகடு இட்டனர். துருவின்மேல் தகடு போர்த்தல் புண்ணின்மேற் பட்டுடுத்தல் போலும். பின்னரே தாங்கிகளைப் பெட்டியாக அடைத்து வலுப்படுத்தினர். ஒரே இடத்தில் நெடுக வெல்டிங் செய்யின் வெப்பத்தாற் சட்டகம் கோணும். ஆதலின், இங்குச் சிறிதும் அங்குச் சிறிதுமாகப் பற்றவைத்தனர். தகட்டின் முனைகளைத் திடீரென நிறுத்தாது சரிவாக முடித்தனர். இல்லையேல், உறுதியான இடம் முடியும் எல்லையில் விசை குவிந்து புதுக் கீறல் விழும். நீர் வடியத் துளைகளும் விட்டனர். இறுதியில் மீண்டும் அளந்து பார்த்த பின்னரே எஞ்சின் உள்ளே இறங்கியது. முன்போல் மூலையை உயர்த்தியபொழுது கதவு தடையின்றித் திறந்தது.

வருமொழியை ஏற்குமுன் நிலைமொழியின் ஈறு திரிந்தும் கெட்டும் தோன்றியும் அமைதல் இலக்கணத்தில் யாம் நாடோறுங் காண்பது. பழையதனோடு புதியது புணருமிடத்துத் திருத்தம் பழையதனிடத்தே முதலில் வேண்டும் என்பதனை எஃகிலுங் கண்டோம். இப்பொழுது அவ்வண்டியைக் காண்போர் அதன் வண்ணத்தையும், எஞ்சினின் முழக்கத்தையும் புகழ்வர். அடியில் மறைந்துகிடக்கும் அத்தகடுகளை ஒருவரும் காணார். ஆயினும், மழைநாளில் ஒரு வளைவில் அச்சிறுமியைத் தாங்கிச் செல்வன அவையே.